உன் ஆப்பிரிக்க மீன்களும் வசந்தாவின் கையும்

சந்திரன்,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் அப்பா தோட்டத்து ஸ்டோரைப் பூட்டிவிட்டு வந்து, கை கால் கழுவி, முன்னறையில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாக வாசித்தார். முகூர்த்த நாள், கொழும்பில் பிடித்திருக்கும் மண்டபம், கலா வீட்டார் நல்ல மனிதர்கள் என்பது எல்லாவற்றையும் சந்தோஷமாகத்தான் வாசித்துக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிச்சத்த அப்பறமா பாப்போம்" என்று மடிக்கப் போனார். உன் தங்கை வசந்தா அவர் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, அவர் நிறுத்திய இடத்திலிருந்து தானே வாசித்தாள். வசந்தாவுக்கு விரல் நிமிராது, சபையில் தடுமாறினால் பார்க்க நன்றாக இருக்காது, அதனால் நாத்தனார் முடிச்சைப் பெரியம்மா மகள் ராணி போடட்டும். வசந்தா வருவதானால் போட்டோ எடுக்கும்போது வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சின்ன வயதில் அடுப்பில் சுட்டுக்கொண்டாள் என்று கலா வீட்டில் சொல்லியிருக்கிறேன், கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்கள். அதற்கு அடுத்த வரியிலேயே, வரும்போது அந்தப் பெரிய நீல மீன்கள் நாலைந்தைப் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள், புது வீட்டில் தொட்டி வைக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய்.

அந்த இரண்டு வரிகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத உன் கை எப்படி ஓடியது என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் கட்டப் போகிற மகனுக்குத் தாய் நல்ல வார்த்தை எழுதுவதுதான் முறை. நானும் எழுதுவேன், ஆனால் உனக்கு இனிக்காது. இந்தக் கடிதத்தில் மறைவு எதுவும் இல்லை. தபாலில் போடுமுன் உன் அப்பாவும் வசந்தாவும் வாசிப்பார்கள். நீயும் இதை யாரிடமிருந்தும் ஒளிக்க வேண்டியதில்லை.

அந்த மீன்கள் நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியாது. எனக்கு இருக்கிறது. வெளிநாட்டுக்கு அலங்கார மீன் அனுப்பும் கம்பெனியில் நீ வேலைக்குச் சேர்ந்த வருஷம். இரவு ரயிலில் பதுளைக்கு வந்து, அங்கிருந்து பசறை வழியாக மடுல்சீமை பஸ்ஸைப் பிடித்து, காலையில் வாசலில் வந்து நின்றாய். கையில் ஒரு பிரம்புக் கூடை, அதற்குள் தண்ணீர் நிரப்பிய பொலித்தீன் பைகள். செதில் உரிந்தும் வால் கிழிந்தும் போனதால் ஏற்றுமதிக்கு ஆகாது என்று கம்பெனி கழித்துப்போட்ட மீன்கள் என்றாய். ஆப்பிரிக்காவில் மலாவி என்றொரு ஏரி, அதில் பாறை இடுக்குகளில் வாழ்கிறவை, ஒவ்வொன்றும் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கிட்டே விடாது என்று சொன்னாய். இதைக் குஞ்சு பொரிக்க வைத்துவிட்டால் கம்பெனியில் உன்னை எங்கேயோ தூக்கி வைத்துவிடுவார்கள் என்றும் சொன்னாய். பதுளையில் கண்ணாடி வெட்டிக் கொண்டுவந்து தொட்டி செய்தாய். ஆற்றுமணலைக் கழுவிக் கொட்டி, அதன் மேல் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து வசந்தா தூக்கி வந்த கருங்கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாய். பார்க்க அழகாகத்தான் இருந்தது. முன்னறையே வேறு மாதிரி ஆகிவிட்டது. லயத்து வீடுகளின் பிள்ளைகளெல்லாம் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தார்கள்.

அன்றைக்கே ஒன்று நடந்தது. வசந்தா ஒரு கண்ணாடிச் சாடியில் இரண்டு தங்கமீன் வளர்த்து வந்தாள். பெரிய தொட்டி வந்துவிட்டதே, இதுகளும் அதிலேயே இருக்கட்டும் என்று நீதான் எடுத்து உள்ளே விட்டாய். நாங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டுக்கும் வாலும் இல்லை, துடுப்பும் இல்லை. ஒன்றுக்குக் கண்ணும் போயிருந்தது. நீ கொண்டுவந்தவற்றில் கருவரி போட்ட நீல மீன் ஒன்று அதை மூலைக்கு மூலை துரத்தி முட்டிக்கொண்டிருந்தது. வசந்தா அழுதாள். நீ சிரித்தாய். "ஆப்பிரிக்கா மீனுன்னா சும்மாவா" என்றாய். அது உன் விளையாட்டுப் புத்தி என்று அன்றைக்கு நினைத்தேன். சேர்த்து விட்டால் இப்படித்தான் ஆகும் என்று உனக்குத் தெரியும் என்பது இப்போது யோசிக்கும்போதுதான் உறைக்கிறது. தெரிந்துதான் விட்டாய். வேடிக்கை பார்க்க விட்டாய்.

நீ இரண்டு நாள் இருந்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டாய். மீனைப் பார்த்தது யார்? விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடும் நேரத்திலேயே நான் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு லயம் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போய்விடுவேன். உன் அப்பாவுக்கு உரமும் மருந்தும் அளந்து கொடுக்கவே பொழுது சரியாக இருக்கும். அவள்தான் பார்த்தாள். முதலில் நிறையச் செத்தன. வயிறு ஊதிச் செத்தன, ஒன்றை ஒன்று கொன்றும் செத்தன. தோற்றுப்போன மீன் தண்ணீருக்கு மேலே மூலையில் வந்து சாய்ந்து நிற்கும், மறுநாள் மிதக்கும். நம் பீலித் தண்ணீர் இவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று நீ எழுதினாய். தேயிலைக்குப் போடும் டொலமைட்டில் ஒரு பிடியை உன் அப்பா காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்தார். கீரையை அவித்துப் போட்டாள். ஒரே மீன் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொண்டு அட்டகாசம் செய்தால் கற்களையெல்லாம் கலைத்து வேறு மாதிரி அடுக்கிவிடுவாள். எல்லா மீனுக்கும் இடம் குழம்பிப் போய்ச் சில நாள் சண்டை ஓயும். அவளாகத் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டது அது. அப்படியும் அந்த நீல மீன் மட்டும் அடங்கவேயில்லை.

எங்கள் பக்கத்துக் குளிர் உனக்குத் தெரியும். தண்ணீர் சில்லிட்டால் அந்த மீன்கள் தாங்காது என்று நீ ஒரு வேலை செய்தாய். ஜாம் போத்தலுக்குள் மணலும் ஒரு பல்பும் வைத்து, வாயை மெழுகால் அடைத்து, அதைத் தண்ணீருக்குள் நிறுத்தினாய். அதிலிருந்து சுவர்ப் பிளக்குக்குப் போன வயரில் ஒட்டுப் போட்டு நாடா சுற்றியிருந்தது. ரப்பர் வெடித்திருந்ததை நானே விரலால் தடவிக் காட்டினேன். "அடுத்த மொற வரும்போது புது வயர் கொண்டாறேம்மா" என்றாய். அடுத்த முறை வந்தாய், வயர் வரவில்லை. அதற்கடுத்த முறையும் வந்தாய். இன்னொன்றையும் சொன்னாய், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். குசினியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முன்னறையில் நீ அவளிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "என்ன நடந்தாலும் பிளக்க மட்டும் கழட்டிறாத. குளிர்ல அம்புட்டும் செத்துரும். அப்பறம் நான் மனுசனா இருக்க மாட்டேன்." அவளும் "சரிண்ணே" என்றாள்.

அந்த மழைக்காலத்தில் ஒரு பெண்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துக்கொண்டது. அந்த இனம் அப்படித்தான், குஞ்சு பொரித்து வெளியே விடும்வரை தாய் இரை எடுப்பதில்லை. தாடை வீங்கி, உடம்பு மெலிந்து, கல்லிடுக்கில் ஒதுங்கிக் கிடந்தது. பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கே அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நீல மீன் அதை ஓய விடவில்லை. அது மட்டுமில்லை, அந்தக் கல்லுக்கடியில் வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பிக் குழி பறித்துக்கொண்டிருந்தது. அந்த மீன்கள் மணலைத் தோண்டும், கற்களை நேரே கண்ணாடியில் நிறுத்திவிட்டுத்தான் மணலைப் போட வேண்டும் என்பது உன் கம்பெனியில் தொட்டி கழுவுகிறவர்களுக்குக்கூடத் தெரியுமாம். நீயே பின்னொரு நாள் சொன்னாய். ஆனால் இங்கே மணலுக்கு மேல் கல்லை அடுக்கிக் காட்டிவிட்டுப் போனவனும் நீதான்.

அன்றைக்குத் தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவில் ஒரு பிரசவம் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு வந்தேன். வாசலில் குடையை மடக்கும்போது உள்ளே கல் சரியும் சத்தம் கேட்டது. குழி பறித்த இடத்தில் மேல்கல் சாய்ந்து போத்தல் மேல் விழுந்திருக்கிறது. வசந்தாவுக்குப் போத்தல் உடைந்தது தெரியவில்லை. கல்லுக்கடியில் அந்தப் பெண்மீன் மாட்டிக்கொண்டு துடித்ததுதான் தெரிந்தது. கல்லைத் தூக்கக் கையை விட்டாள். நான் உள்ளே வரும்போது அவள் தொட்டியோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. தரை முழுக்கத் தண்ணீர். அவளைத் தொடாமல் இருக்க எனக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது தெரியுமா? பெற்ற பிள்ளை கண்ணெதிரே அப்படி நிற்கும்போது கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வாசல் மேலிருந்த மெயின் சுவிட்சைக் குடையின் கொக்கியால் மாட்டி இழுத்தேன். அவள் விழுந்தாள். மூச்சு இருந்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பல்பு மாட்டும் ஹோல்டரைப் பற்றியபடியே கருகியிருந்தன.

தோட்டத்து லொறியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பசறை வளைவுகளிலெல்லாம் அவள் தலை என் மடியில் ஆடிக்கொண்டே வந்தது. உனக்குத் தந்தி அடித்தோம். நீ வந்தாய். வார்டில் உன் அப்பாவும் பெரியப்பாவும் நின்றார்கள். கட்டுப் போட்ட கையோடு அவள் உன்னைப் பார்த்தாள். நீ அவள் பக்கத்தில்கூட உட்காரவில்லை. "பிளக்கக் கழட்டிட்டுத்தான் கைய விடணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன் பெரியப்பா. இவ அவசரக்குடுக்கை" என்றாய். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் சும்மா இருக்கவில்லை, நினைவிருக்கிறதா? "நீ சொன்னது அது இல்ல. கழட்டாதன்னு சொன்ன. நான் என் காதால கேட்டேன்" என்று அங்கேயே சொன்னேன். உன் அப்பா, "ஆஸ்பத்திரில வச்சு என்ன பேச்சு, விடு" என்று என்னை அடக்கினார். நீ வராந்தாவுக்குப் போனாய். பின்னாலேயே வந்தேன். ஒரு வார்த்தை கேட்டாய். "அந்த நீல மீன் தப்பிச்சிருச்சாம்மா?"

அதன்பிறகு தோட்டம் முழுவதும் உன் கதைதான் நின்றது. பெரியப்பா சொல்ல, பெரியம்மா சொல்ல, பிள்ளைப்பேறு பார்க்கும் மிஸியம்மாவின் மகள் அவசரத்தில் கையைச் சுட்டுக்கொண்டாள் என்று லயம் லயமாய்ப் பேசினார்கள். யாராவது அப்படிச் சொன்னால் நான் மறுத்துச் சொல்வேன். வசந்தா மட்டும் வாயே திறக்க மாட்டாள். ஏன்டி என்று கேட்டபோது, "அண்ணே வந்து அதுவாச் சொல்லட்டும்மா" என்றாள். நீ வந்தாய், போனாய், வந்தாய், போனாய். சொல்லவில்லை.

அவள் என்னைப் போல மருத்துவமாதுப் பயிற்சிக்குத் தெரிவாகி இருந்தாள். உனக்குத் தெரியும். தலை இறங்கும்போது பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருக்கிறதா என்று தடவிப் பார்க்க இந்த இரண்டு விரல்தான் வேண்டும். அவளுடைய அந்த இரண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கையைப் பார்த்ததும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை, நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன். இப்போது தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை அவளிடம்தான் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

மீன்கதையும் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் வருமுன் தொட்டியை உடைத்துப் போடுவது என்று உலக்கையை எடுத்துவிட்டேன். உன் அப்பா தடுத்தார். தொட்டிக்குச் சாக்கைப் போர்த்தி, வேளாவேளைக்கு வெந்நீர் கலந்து, மிஞ்சிய மீன்களை அவர்தான் அதுவரை காப்பாற்றி வைத்திருந்தார். வந்தவள் தொட்டியின் முன்னே நெடுநேரம் நின்றாள். பிறகு இடது கையால் ஒவ்வொரு கல்லாய் வெளியே எடுத்தாள். மணலை ஒதுக்கிக் கண்ணாடியில் கல்லை நிறுத்தினாள். ஃபெக்டரி ஃபிட்டரைக் கூப்பிட்டு, பல்புகளைத் தண்ணீருக்கு வெளியே மூடிப்பலகையில் பொருத்தச் சொன்னாள். "மீனு என்னம்மா செஞ்சுச்சு" என்றாள். நீல மீனைத் தனியாகப் பிரித்துப்போட்டாள். குஞ்சுகள் வந்தன, வளர்ந்தன. நீ மாதாமாதம் வந்து பைபையாய் அள்ளிக்கொண்டு போனாய். கம்பெனியில் நீயே குஞ்சு பொரிக்க வைத்ததாகச் சொல்லி, வளர்ப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளனாகவும் ஆகிவிட்டாய். பதவி கிடைத்த செய்தியை வந்து சொன்னபோது அவள்தான் உனக்குச் சீனி போட்டுத் தேத்தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாய். "நல்லாருக்கு" என்றாய். தேத்தண்ணீரைச் சொன்னாய்.

எல்லாத் தாயும் கடைசியில் தப்பைத் தன் தலையில் போட்டுக்கொண்டு மகனை ஆசீர்வதித்துவிடுவாள் என்று நினைத்திருப்பாய். இந்த விஷயத்தில் நான் போட்டுக்கொள்ள மாட்டேன். நீ வேண்டுமென்று அவளைச் சுடவில்லை, அது எனக்குத் தெரியும். வயர் மாற்ற மறந்தது மனித மறதி. அதை அன்றைக்கே அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. மறந்ததை மறைத்தாய். மறைத்ததை அவள் தலையில் கட்டினாய். இப்போது அவள் கையையே முந்தானைக்குள் வைக்கச் சொல்கிறாய். கல்யாணம் கட்டுகிறவனே, கேள். நாளைக்குக் கலாவோடு ஒரு வீட்டில் இருக்கப் போகிறாய். அடுப்பு இருக்கும், வயர் இருக்கும், குழந்தை வரும், ஏதாவது உடையும். அப்போது உன் வாயில் முதலில் வருவது "நான் அப்பவே சொன்னேன், அவதான் கேக்கல" என்பதாக இருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள்? நான் முன்பின் பாராத அந்தப் பெண்ணுக்காகவும் எனக்குப் பயமாக இருக்கிறது. உயிருள்ள ஒன்றை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டு, அதன் பாடு முழுவதையும் இன்னொருத்தி தலையில் விட்டுவிட்டுப் போகும் பழக்கம் உனக்கு இருக்கிறது. அதை முதலில் விடு.

புதன்கிழமை வசந்தா உன் கடிதத்தை வாசித்து முடித்ததும் நான் கத்திவிட்டேன். முடிச்சை நீதான் போடணும், வேற எவளும் போடக்கூடாது, நான் பார்த்துக்கிறேன் என்றேன். அவள் கடிதத்தை மடித்து உன் அப்பாவிடம் கொடுத்தாள்.

"ராணியே போடட்டும்மா" என்றாள்.

"ஏன், உன்னால முடியாதா?"

"முடியாதுன்னு யாரு சொன்னா. காம்பரால அம்புட்டுத் தொட்டிலையும் நான்தான் கட்டுறேன். ஒரு முடிச்சு இதுவரைக்கும் அவுந்ததில்ல." வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கை எப்படி ஆச்சுன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாது. தெரியாத பொண்ணு கழுத்துல நான் முடிச்சுப் போட்டா, நானும் சேந்து பொய் சொன்ன மாதிரிம்மா. அண்ணே சொல்லட்டும். அதுக்கப்பறம் அந்தப் பொண்ணே கூப்பிட்டா வந்து போடுறேன்."

உன் அப்பா அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "அவ சொல்றதுதான் சரி" என்றார். ஆஸ்பத்திரியில் என்னை அடக்கிய மனிதர் அவர். இத்தனை வருஷம் கழித்து அந்த ஒரு வார்த்தை சொன்னார்.

ஆகவே இதுதான் எங்கள் பதில். கலாவிடம் நீயே சொல். வயரைச் சொல், பிளக்கைக் கழட்டாதே என்று சொன்னதைச் சொல், வார்டில் சொன்ன பொய்யையும் சொல். கேட்டுவிட்டு அந்தப் பெண் தன் கையால் வசந்தாவுக்கு ஒரு வரி எழுதி அழைத்தால் மூன்று பேரும் வருகிறோம். அழைப்பு வராவிட்டால் உன் அப்பா மட்டும் வருவார். அவருக்கு மகன் கல்யாணத்தைப் பார்க்க ஆசை இருக்கிறது, நான் குறுக்கே நிற்க மாட்டேன். நான் வரமாட்டேன். நாலு பேர் கேட்டால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மீன்களும் வராது. அவை அவள் வளர்த்தவை. வேண்டுமானால் அவளிடம் கேள், கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம்.

இவ்வளவையும் எழுதி முடித்து வசந்தாவிடம் கொடுத்தேன். முழுதும் வாசித்தாள். ஒரே ஒரு சொல்லை மட்டும் அடிக்கச் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் உன்னைக் கோழை என்று எழுதியிருந்தேன். "அண்ணே பதில் போடட்டும்மா. அப்பறம் எழுதிக்கலாம்" என்றாள். அடித்துவிட்டேன்.

உன் அம்மா